கவோரி இச்சோவைப் பாடமாக நடத்தும் புதூர் மல்யுத்தக் கூடம்: ஒரு பெற்றோரின் மதிப்புரை

கபடிக்கும் சிலம்பத்துக்கும் பேட்டைக்கு ஓர் ஆசான் கிடைக்கும் மதுரையில், பெண் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் கற்றுத்தரும் இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் விடாப்பிடியாகக் கேட்டதன் பேரில் நாலு பேரிடம் விசாரித்து, கே.புதூர்ப் பகுதியில் இயங்கும் ஒரு சிறிய கூடத்தில் அவளைச் சேர்த்தோம். அன்றாடப் பயிற்சியைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன் என்றாலும், இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது அந்தக் கூடத்தின் சனிக்கிழமை மாலை வகுப்புதான். கால்களையும் பிடித்து ஆடும் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் ஜப்பானின் வீராங்கனையான கவோரி இச்சோ ஒருவரையே பாடமாக எடுத்துக்கொண்டு, அவருடைய ஆட்டங்களையும் வாழ்க்கையையும் அவருக்குக் கிடைத்த அங்கீகாரத்தையும் நான்கு வாரங்களில் நடத்துகிறார்கள். பெற்றோரும் உடன் உட்காரலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு வீராங்கனையின் வெற்றிகளை அடுக்கிக் காட்டிக் கைதட்ட வைப்பதோடு நின்றுவிடாமல், அந்த வெற்றிகள் எதனால் சாத்தியமாயின என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லித்தருவதால் இந்த வகுப்பை நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய பாத்திரக் கிடங்கின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே கூடம் இருக்கிறது. மேட் எனப்படும் தடித்த விரிப்பு, போட்டிக்குரியது என்றால் 12 மீட்டருக்கு 12 மீட்டர் அளவுள்ளது; அதற்குள் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஆட்டம் நடக்கும். இங்கே அவ்வளவு இடம் இல்லாததால், வட்டத்தின் விளிம்பில் நின்று ஆடும் நுட்பங்களைப் பிள்ளைகள் அளவாகத்தான் பழக முடிகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்தால் கூரையின் வெக்கை தலையில் இறங்குகிறது. இரண்டு பெரிய மின்விசிறிகள் அதற்குப் போதவில்லை. ஆனால் தூய்மையில் இந்தக் கூடத்தைக் குறை சொல்ல இடமே இல்லை. ஒவ்வொரு வேளையும் பயிற்சிக்கு முன்னால் மேட்டைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிடுகிறார்கள். பிள்ளைகளின் நகங்களைப் பார்க்கிறார்கள். கை கால்களில் படர்தாமரை இருந்தால், அது ஆறும் வரை மேட்டில் ஏற விடுவதில்லை. தோலோடு தோல் உரசும் விளையாட்டில் இந்த ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பது பிள்ளையைச் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாதக் கட்டணம் 700 ரூபாய். அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்தால் இரண்டாமவருக்குப் பாதி.

பயிற்சியாளர் இளம் வயதில் மண் கோதாவில் பழகிப் பிறகு மேட்டுக்கு மாறியவர். பெண் துணைப் பயிற்சியாளர் ஒருவரும் இருக்கிறார். அவர் வராத நாளில் பிள்ளைகளுக்குப் பிடிப் பயிற்சி கிடையாது, உடற்பயிற்சி மட்டும்தான். இந்த விதியை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சொன்னபடி கடைப்பிடித்தும் வருகிறார்கள்.

சனிக்கிழமை வகுப்பின் முறை எளிமையானது. சுண்ணாம்பு அடித்த சுவரில் புரொஜெக்டர் வழியாக ஓர் ஆட்டத்தை ஓடவிட்டு, வர்ணனையின் ஒலியை முழுதாக அடக்கிவிட்டு, தேவையான இடத்தில் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடியும் காட்டுவார்கள். ஒரு நுட்பத்தைப் பார்த்து முடித்ததும் இரண்டு பிள்ளைகள் எழுந்து அதை மேட்டில் செய்துகாட்ட வேண்டும். வெறுமனே உட்கார்ந்து காணொளி பார்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கண்ணால் பார்த்து எளிது என்று நினைத்ததைக் கையால் செய்யப் போகும்போதுதான் அதன் கடினம் பிள்ளைக்கு விளங்குகிறது. விளங்கிய பிறகு சுவரில் ஓடும் அடுத்த ஆட்டத்தை அவள் வேறு கவனத்தோடு பார்க்கிறாள்.

முதல் வாரம் 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தொடங்குகிறது. பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது அப்போதுதான். 48, 55, 63, 72 கிலோ என்று நான்கே எடைப் பிரிவுகள். ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷூவின் வடகோடியில் அவோமோரி மாகாணத்தைச் சேர்ந்த ஹச்சினோஹே நகரில் 1984 ஜூன் 13 அன்று பிறந்த இச்சோ, 63 கிலோ பிரிவில் களம் இறங்கினார். அவருடைய அக்கா சிஹாரு 48 கிலோ பிரிவில் ஆடினார். அக்காவும் தங்கையும் சேர்ந்து தங்கம் வெல்ல வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். இறுதிப் போட்டியில் உக்ரைனின் இரினி மெர்லெனியிடம் அக்கா தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். தங்கை அமெரிக்காவின் சாரா மெக்மேனை 3–2 என்று வென்று தங்கம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பெய்ஜிங்கிலும் அதேபோல அக்காவுக்கு வெள்ளி, தங்கைக்குத் தங்கம். பயிற்சியாளர் இந்த இடத்தில் நேரம் எடுத்துக்கொண்டு பேசியது எனக்குப் பிடித்திருந்தது. அக்கா தங்கையாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அந்தக் கூடத்தில் பலர் இருக்கிறார்கள். ஒருத்தி வென்று ஒருத்தி தோற்ற நாளில் வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவர் பெற்றோரைப் பார்த்தே சொன்னார்.

இரண்டாவது வாரம்தான் ஆட்ட நுட்பத்துக்கான வாரம். இச்சோவின் ஆட்டத்தில் தூக்கி வீசும் காட்சிகளை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் தொடக்கத்தில் ஏமாந்துதான் போனார்கள். எதிராளிக்குப் புள்ளியே விட்டுக்கொடுக்காத தற்காப்புக்குப் பேர்போனவர் இச்சோ. அந்தத் தற்காப்பு முதலில் கண்ணில் படுவதில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி பொறுமையிழந்து, “ஏன் சார், ரொம்ப நேரமா அவுங்க ஒண்ணுமே செய்யாம நிக்கிறாங்க?” என்று கேட்டாள். பயிற்சியாளர் படத்தை நிறுத்தி, “ஒண்ணும் செய்யலையா? காலைப் பாக்காத பாப்பா, மணிக்கட்டைப் பாரு” என்றார். பிறகு அந்த அரை நிமிடத்தை மிக மெதுவாக ஓட்டினார். எதிராளியின் வலது கை கழுத்தை நோக்கி வருகிறது. இச்சோவின் கை அந்த மணிக்கட்டை உள்பக்கமாகத் தட்டிவிடுகிறது. மறுபடி வருகிறது, இம்முறை மணிக்கட்டைப் பற்றிக் கீழே அழுத்திவிட்டு, நெற்றியை எதிராளியின் காதோரம் கொண்டுபோய் ஒட்டவைத்துத் தள்ளுகிறார். எதிராளி தலையை நிமிர்த்த முயலும் கணத்தில் அவருடைய எடை முன்காலுக்கு வருகிறது. அந்தக் காலைத்தான் இச்சோ பிடிக்கிறார். கால் பிடிபட்டதை மட்டுமே அதுவரை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, அதற்கு முந்தைய இருபது நொடிகளில் கைகள் செய்த வேலை அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு மேட்டில் ஏறிய பிள்ளைகள் அன்று கால் பிடிக்கவே இல்லை; கைப்போர் மட்டும்தான்.

இந்த நுட்பத்துக்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. அதையும் அதே வாரத்தில் சொல்கிறார்கள். இச்சோ ஐச்சி மாகாணத்தில் சுக்கியோ பெண்கள் பல்கலைக்கழகத்தில் படித்துப் பயின்றவர். ஜப்பானின் பெண் சாம்பியன்கள் பலரை உருவாக்கிய அந்தக் கல்வி நிலையம் இப்போது ஷிகாக்கான் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. இரண்டு ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பிறகு, 2008, 2009 ஆம் ஆண்டுகளின் உலகச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் அவர் ஆடவில்லை. மறுபடி வந்தபோது பழைய இடத்துக்குத் திரும்பாமல், டோக்கியோவுக்கு இடம் மாறி ஆண் வீரர்களோடு பயிற்சி செய்தார். ஏற்கெனவே உலகிலேயே முதலிடத்தில் இருந்தவர், தம்மைவிட வலுவானவர்களிடம் தினமும் தோற்றுப் பழகும் இடத்தைத் தாமாகத் தேடிப் போனார். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். 2010 இல் மாஸ்கோவில் மீண்டும் உலகப் பட்டம். லண்டன் 2012 ஒலிம்பிக்குக்குச் சில நாட்களுக்கு முன்பு இடது கணுக்காலில் தசைநார் கிழிந்த நிலையிலும் மூன்றாவது தங்கம். உலகச் சாம்பியன் பட்டங்கள் மொத்தம் பத்து: 2002, 2003, 2005, 2006, 2007, 2010, 2011, 2013, 2014, 2015. இந்தப் பட்டியலைப் பயிற்சியாளர் கரும்பலகையில் எழுதி, விடுபட்ட ஆண்டுகளைச் சுற்றிக் கோடிட்டு, அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொன்னார். 2004 உம் 2012 உம் ஒலிம்பிக் ஆண்டுகள் என்பதை என் மகள் கண்டுபிடித்தாள்.

மூன்றாவது வாரம், ரியோ 2016. இந்த வகுப்பில் ஒரே ஒரு வாரத்துக்குத்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால், இந்த வாரத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். அந்த ஆண்டு ஜனவரியில் ரஷ்யாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரில் நடந்த போட்டியில், மங்கோலியாவின் புரேவ்டோர்ஜ் ஒர்க்கோனிடம் இச்சோ 0–10 என்று தோற்றார். 2003 முதல் அதுவரை தொடர்ந்து 189 வெற்றிகள் கண்டிருந்தவர் அவர். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் பத்துப் புள்ளி இடைவெளி விழுந்தால் ஆட்டம் அப்படியே முடிந்துவிடும். ஆகவே இது நூலிழையில் நழுவிய ஆட்டம் இல்லை, முழுத் தோல்வி. ஏழு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, 58 கிலோ பிரிவில் நான்காவது தங்கத்துக்காக அவர் மேட்டில் ஏறினார்.

அதே பிரிவில்தான், அதே நாளில்தான் நம் நாட்டின் சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை என்று அவரை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அவருடைய பதக்கமும் இச்சோவின் பதக்கமும் ஒரே கயிற்றில் கோத்தவை என்பதை இந்த வகுப்பில்தான் நான் அறிந்தேன். காலிறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் சாக்ஷி 2–9 என்று தோற்றார். இறுதிப் போட்டிக்கு வந்தவரிடம் தோற்றவர்களுக்கு ரெப்பஷாஜ் என்ற முறைப்படி வெண்கலத்துக்கு ஆட மறுவாய்ப்பு உண்டு. கோப்லோவா இறுதிப் போட்டிக்கு முன்னேறியதால் சாக்ஷிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அதில் அவர் முதலில் சந்தித்தது, ஜனவரியில் இச்சோவின் தொடர் வெற்றியை முறித்த அதே புரேவ்டோர்ஜை! அவரை 12–3 என்று வென்றார். பிறகு கிர்கிஸ்தானின் ஐசுலு டினிபெகோவாவிடம் 0–5 என்று பின்தங்கி, 8–5 என்று வென்று வெண்கலம் பெற்றார். அங்கே இறுதிப் போட்டியில் அதே கோப்லோவாவை எதிர்த்து இச்சோ 1–2 என்று பின்தங்கியிருந்தார். கடைசிச் சில நொடிகளில், காலைப் பிடிக்க வந்த கோப்லோவாவின் பிடியிலிருந்து மீண்டு, பின்பக்கம் சுற்றி வந்து இரண்டு புள்ளிகள் எடுத்து 3–2 என்று முடித்தார். பயிற்சியாளர் இந்த வீராங்கனைகளின் ஆட்டங்களை மாற்றி மாற்றி ஓட்டி, யாரிடம் யார் எப்படித் தோற்றார், தோற்றவர் எதைத் திருத்திக்கொண்டார் என்று பேசியபோது, கூடத்தில் மின்விசிறி ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. 0–10 என்ற தோல்வியின் காட்சியையும் அவர் விடாமல் முழுதாகக் காட்டியதைத் தனியே பாராட்ட வேண்டும்.

அந்தத் தங்கத்தோடு, எந்த விளையாட்டிலும் தனிநபர் பிரிவில் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற முதல் பெண் என்ற இடம் இச்சோவுக்குக் கிடைத்தது. 2014 இன் இறுதியில் காலமான தம் தாயை அன்று அவர் நினைவுகூர்ந்தார். வென்ற பிறகும் தம் ஆட்டத்தின் தரத்தில் குறை கண்டு பேசினார்; அது அவருடைய நெடுநாள் பழக்கம்.

நான்காவது வாரம் அங்கீகாரத்தைப் பற்றியது. இங்குதான் வகுப்பு சற்றுத் தளர்கிறது. 2016 அக்டோபர் 20 அன்று பிரதமர் ஷின்சோ அபே, இச்சோவுக்கு மக்கள் கௌரவ விருதை வழங்கினார். 1977 இல் பேஸ்பால் வீரர் சடஹாரு ஓவைச் சிறப்பிப்பதற்காகத் தொடங்கப்பட்ட இந்த விருது ஆண்டுதோறும் வழங்கப்படுவதில்லை. நாடே ஒருவரைக் கொண்டாடும் தருணத்தில் மட்டும் அரசு முடிவு செய்து கொடுக்கும். ஜூடோவின் யாசுஹிரோ யமஷிட்டா 1984 இலும், மாரத்தான் ஓட்டக்காரர் நவோகோ தகஹாஷி 2000 இலும், மல்யுத்தத்தின் சவோரி யோஷிடா 2012 இலும் பெற்றார்கள். யோஷிடாவின் பெயரை ஒதுக்கிவிட்டு இச்சோவுக்குக் கிடைத்த அங்கீகாரத்தைப் பேச முடியாது. உலகப் பட்டங்கள் பதின்மூன்று, ஒலிம்பிக் தங்கங்கள் மூன்று, தொலைக்காட்சியில் எப்போதும் சிரித்த முகம் என்று ஜப்பான் மக்களின் செல்லப் பெண்ணாக யோஷிடா இருந்த காலத்தில், அதிகம் பேசாத இச்சோ பெரும்பாலும் அவருடைய நிழலில்தான் இருந்தார். ரியோவில் யோஷிடா அமெரிக்காவின் ஹெலன் மருலிஸிடம் தோற்று வெள்ளி பெற்றார். இச்சோ நான்காவது தங்கம் பெற்றார். அதற்குப் பிறகே இந்த விருது வந்தது. பெருமை எப்போது, எதற்காக, யாருக்குப் பிறகு வருகிறது என்பதைப் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் வகுப்பில் விருது விழாவின் படங்களைக் காட்டி, தேதிகளைச் சொல்லி, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லக் காரணம் உண்டு. பாராட்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் மதுரையில் பஞ்சமில்லை. அலங்காநல்லூரில் மாடு பிடித்தவருக்கு மேடையிலேயே பரிசு கொடுத்து ஊரே கொண்டாடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். வென்றவரைக் கொண்டாடத் தெரிந்த ஊர் இது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இந்தக் கூடம், மாவட்ட அளவிலான சிறுவர் போட்டியில் வென்ற பதினோரு வயதுக் குழந்தையின் முகத்தைப் பெரிதாக அச்சிட்டு ஃப்ளெக்ஸ் கட்டுவதும், அதே போட்டியில் முதல் சுற்றில் தோற்ற குழந்தை அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறுவதும், சனிக்கிழமை வகுப்பில் சொல்லப்படுவதோடு பொருந்தவில்லை. பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். புதிய பிள்ளைகள் சேர விளம்பரம் வேண்டியிருக்கிறது என்றார். அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. வாடகையும் மின்கட்டணமும் 700 ரூபாயில் கட்டுபடியாகாது. அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் படத்தைப் போடலாமே என்பதே என் கருத்து.

இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது. 2018 இல், தேசிய அணியின் மேம்பாட்டுப் பொறுப்பில் இருந்த தம் முன்னாள் பயிற்சியாளர் தமக்கு அதிகாரத் துன்புறுத்தல், அதாவது பதவியின் பலத்தைக் கொண்டு கீழிருப்பவரை வதைப்பது, இழைத்தார் என்ற இச்சோ தரப்புப் புகார் வெளிவந்தது. ஜப்பான் மல்யுத்தச் சம்மேளனம் நியமித்த வழக்கறிஞர்கள் விசாரித்து, அந்த ஆண்டு ஏப்ரலில் நான்கு செயல்கள் அதிகாரத் துன்புறுத்தலே என்று உறுதி செய்தார்கள். அந்தப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். நான்கு ஒலிம்பிக் தங்கமும் நாட்டின் உயரிய விருதும் பெற்ற ஒருவருக்கே தம் குறையைக் காதில் வாங்கவைக்க இவ்வளவு ஆயிற்று என்றால், பெயர் தெரியாத ஒரு சிறுமிக்கு எவ்வளவு ஆகும்? நம் நாட்டிலும் மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் மீதான பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு நடவடிக்கை கேட்டு, 2023 இல் சாக்ஷி மாலிக்கும் இன்னொரு வீராங்கனையான வினேஷ் போகாட்டும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டியிருந்தது. இந்தச் செய்திகளை வகுப்பில் மறைக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். பிள்ளைகளின் வயதைக் கருதி அப்படிச் செய்தோம் என்று துணைப் பயிற்சியாளர் விளக்கினார். எனக்கு அது போதவில்லை. எதைச் செய்தால் வரம்பு மீறல், யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பிடிகளைக் கற்பிப்பது போலவே தெளிவாகக் கற்பிக்க வேண்டும். அடுத்த சுற்றில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குவதாகவும், பெற்றோர் இருவரை அப்போது பேச அழைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் உடைமாற்ற இப்போது திரை கட்டிய ஒரு மூலைதான் இருக்கிறது. தாழ்ப்பாளுள்ள தனி அறை உடனடியாக வேண்டும் என்பதைப் பெற்றோர் பலரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வகுப்பின் கடைசிப் பகுதி மறுபடியும் சீராகிறது. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இச்சோ 2018 அக்டோபரில் போட்டிக்குத் திரும்பினார். டிசம்பரில் அகில ஜப்பான் சாம்பியன்ஷிப்பின் 57 கிலோ இறுதிப் போட்டியில், ரியோவில் 63 கிலோவில் தங்கம் வென்றிருந்த ரிசாகோ கவாயை 3–2 என்று வென்றார். 2019 ஜூனில் நடந்த அடுத்த தேசியப் போட்டியில் கவாய் வென்றார். ஆளுக்கொரு வெற்றி என்றானதால், ஜூலை 6 அன்று சைத்தாமா மாகாணத்தின் வாக்கோ நகரில், உலகச் சாம்பியன்ஷிப்புக்கு யார் போவது என்பதைத் தீர்மானிக்க இருவரும் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார்கள். 3–3 என்ற சமநிலையில் விதிமுறைப்படி கவாய் வென்றதாக அறிவிக்கப்பட்டது. உலகச் சாம்பியன்ஷிப்பில் கவாய் பதக்கம் வென்றால் ஒலிம்பிக் இடமும் அவருக்கே என்பதால், இச்சோவின் ஐந்தாவது ஒலிம்பிக் கனவு அநேகமாக அதோடு முடிந்தது. கவாய் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். வாக்கோவில் ஆடிய நாளில் இச்சோவின் வயது 35. புள்ளிகள் சமமாக இருக்கும்போது வெற்றியாளரை எப்படி முடிவு செய்கிறார்கள் என்ற விதியை இந்த ஆட்டத்தை வைத்தே பிள்ளைகளுக்கு விளக்குகிறார்கள். ஒரே நகர்வில் கூடுதல் புள்ளி எடுத்தவர் யார், எச்சரிக்கை வாங்கியவர் யார், கடைசியாகப் புள்ளி எடுத்தவர் யார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளில் இந்த விதி தெரியாமல் நடுவரோடு பெற்றோர் சண்டைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் பிள்ளைகளோடு பெற்றோரும் அன்று வந்து உட்காருவது நல்லது.

எடை விஷயத்தில் கூடத்தின் கொள்கையையும் பதிவு செய்ய வேண்டும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில், அதுவரை வெளிநாட்டு வீராங்கனைகளிடம் தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை வென்று இறுதிப் போட்டி வரை போன வினேஷ் போகாட், 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்ததால் தகுதி இழந்தார். அதன் பிறகு எடையைக் குறைப்பது எப்படி என்று கேட்டு வரும் பெற்றோர் கூடிவிட்டார்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். பதினைந்து வயதுக்கு உட்பட்ட யாரையும் பட்டினி போட்டோ தண்ணீர் குடிக்காமல் இருக்கச் செய்தோ எடை குறைக்க இவர்கள் அனுமதிப்பதில்லை. பிள்ளை வளர்ந்தால் அடுத்த பிரிவில் ஆடட்டும் என்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இவர்களை நம்புகிறேன். மகளின் மாலைச் சாப்பாட்டில் அவித்த சுண்டலும் முட்டையும் கூடியிருக்கின்றன. வேறு எந்த மாவும் மருந்தும் வாங்கச் சொல்லவில்லை.

சில நடைமுறைக் குறிப்புகள். புரொஜெக்டரின் ஒளி மங்கலாக இருப்பதால் பின்வரிசையில் உட்கார்ந்தால் கைப்போர் சரியாகத் தெரியாது. ஐந்தரைக்கே போய் முன்னால் உட்காருவது நல்லது. விளக்கம் முழுதும் தமிழில்தான்; டேக் டவுன் (எதிராளியைக் கீழே வீழ்த்துவது), சிங்கிள் லெக் (ஒற்றைக் காலைப் பிடிப்பது) போன்ற ஆட்டச் சொற்களை மட்டும் போட்டிகளில் பயன்படும் என்பதால் அப்படியே சொல்லித்தருகிறார்கள். வண்டி நிறுத்தத் தெருவில் இடம் குறைவு. பேருந்தில் வருபவர்கள் புதூர் நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். கூடத்தில் சேராத பிள்ளைகளும் சனிக்கிழமை வகுப்பில் உட்காரலாம், முதல் நாளே சொல்லிவைத்தால் போதும். அடுத்த சுற்று முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்குகிறது. மேட்டில் ஏறிப் பழக விரும்பும் பிள்ளைக்கு முதல் மாதத்தில் மல்யுத்தக் காலணி வாங்க வேண்டாம். இறுக்கமான டி-சர்ட்டும் ஜிப்போ பொத்தானோ இல்லாத அரைக்கால் சட்டையும் ஒரு துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் கொடுத்து அனுப்பினால் போதும்.